கப்பலிலே குழந்தைகளின் பொழுது

சமுத்திரத்தில் உல்லாசப் பிரயாணம் போக உத்தேசிக்கும் குடும்பங்களில், சீட்டு வாங்குகிற நாள் தொட்டு, சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா, வாந்தி வருமா, எந்தத் தளத்தில் அறை கிடைக்கும் என்கிற விசாரங்களெல்லாம் விஸ்தாரமாக நடக்கின்றன. ஆனால் நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த ஓரிடத்தில், தெருமுனையும் பக்கத்து வீடும் பாட்டியின் மடியும் இல்லாத நிலையில், எட்டு வயதுப் பிள்ளையும் நாலு வயதுப் பெண்ணும் கண் விழித்தது முதல் உறங்கும் வரையில் என்ன செய்யப் போகிறார்கள் என்ற கேள்வி மட்டும், கப்பல் துறைமுகத்தை விட்டு நகர்ந்த பிறகுதான் பெற்றோர் மனத்தில் எழுகிறது. அதற்குள் கப்பல் கம்பெனியார் அந்தக் கேள்விக்குத் தங்கள் விடையை அச்சடித்து அறைக் கதவுக்கு அடியில் செருகியோ, கைபேசிச் செயலியில் ஏற்றியோ வைத்துவிடுகிறார்கள். அந்த விடை எப்படித் தயாராகிறது என்பதை அறிந்துகொண்டால், அதில் எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்பது எளிதாகிவிடும்.

சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ விமானத்தில் சிங்கப்பூர் சென்று, அங்கே 2012-ல் திறக்கப்பட்ட மரினா பே கப்பல் நிலையத்தில் பெருங்கப்பல் ஏறி, மலாக்கா ஜலசந்தி வழியாக வடக்கே போய்ப் பினாங்கையும் புக்கெட்டையும் பார்த்துவிட்டு, நான்கைந்து இரவுகளில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடுகிற பிரயாணம் இன்று நம்மவர்களுக்குக் கைக்கெட்டியதாக இருப்பதால், அதையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். இந்தக் கடல்வழி தமிழர்களுக்குப் புதியதன்று. 1926-ல் கட்டப்பட்ட ‘ரஜுலா’ என்னும் கப்பல், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் போய்வந்தது. அதன் தளத்தில் இடம் பிடித்து உட்கார்ந்த குடும்பங்களின் குழந்தைகளுக்கு யாரும் காரியக்கிரமம் வகுத்துக் கொடுக்கவில்லை. அதே காலத்தில் அட்லாண்டிக் சமுத்திரத்திலோ, 1935-ல் தன் முதற் பிரயாணத்தைச் செய்த ‘நார்மண்டி’ என்ற பிரெஞ்சுக் கப்பலில், குழந்தைகளுக்கென்று ராட்டினம் சுழலும் விளையாட்டு அறையும், பொம்மலாட்ட மேடையும், பாபர் என்னும் யானையின் கதையைப் படைத்த ழான் த ப்ரூனாஃப் தம் யானைகளாலேயே அலங்கரித்த தனிப் போஜன அறையும் இருந்தன. குழந்தைகளுக்குத் தனி அறை ஒதுக்குவதில் அவர்கள்மேல் உள்ள வாஞ்சைக்கு எவ்வளவு பங்கு உண்டோ, பெரியவர்கள் சந்தடியில்லாமல் சாப்பிட வேண்டும் என்ற எண்ணத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம். அந்த இரட்டை நோக்கம் இன்றைக்கும் மாறவில்லை.

இன்றைய உல்லாசக் கப்பலின் தினசரி வாழ்க்கையைச் சற்றே கவனித்தால், அங்கே எல்லாரையும் ஆட்டிவைப்பது போஜனசாலையின் கடிகாரம் என்பது விளங்கும். ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரே வேளையில் பரிமாற இடம் போதாதாகையால், பல கப்பல்களில் இரவுச் சாப்பாட்டை இரண்டு பந்திகளாக வைக்கிறார்கள். முதல் பந்தி மாலை ஐந்தரை அல்லது ஆறு மணிக்கு, இரண்டாம் பந்தி எட்டு மணி சுமாருக்கு. ஒரு பந்தியார் சாப்பிடுகையில் மற்றப் பந்தியார் நாடக அரங்கில் இருப்பார்கள். பெற்றோர் குழந்தைகளை ஊழியர்களின் பொறுப்பில் விட்டுப்போகிற விளையாட்டுக் கூடமும் இந்த நியதிக்கே கட்டுப்பட்டது. காலை ஒன்பது பத்து மணிக்குத் திறந்து, நண்பகலில் மூடி, பிற்பகலில் மீண்டும் திறந்து, முதல் பந்தி நேரத்தில் மூடி, ஏழு மணியிலிருந்து பத்து மணி வரையில் மறுபடி நடப்பது பரவலான வழக்கம். இவ்வளவும் பிரயாணக் கட்டணத்தில் அடக்கம்; பத்து மணிக்கு மேலும் குழந்தையை விட்டுவைத்தால் மணிக்கு இவ்வளவென்று தனியே கட்ட வேண்டும். ராயல் கரீபியன் கம்பெனியார் இன்னும் ஒரு படி மேலே போய், முதல் பந்தியில் குழந்தைகளுக்கு முன்னதாகப் பரிமாறி முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட, கூடத்து ஊழியர்கள் போஜனசாலைக்கே வந்து அவர்களை அழைத்துப் போகும்படியும், பெற்றோர் மீதிச் சாப்பாட்டை நிதானமாக உண்ணும்படியும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

ஆகவே, சிறு குழந்தை உள்ளவர்கள் முதல் பந்தியையே கேட்டு வாங்க வேண்டும் என்று பிரயாண ஏஜெண்டுகள் எல்லாரும் சொல்கிறார்கள். அமெரிக்கர்களுக்கும் சிங்கப்பூர்க்காரர்களுக்கும் அது சரியான யோசனைதான். நமக்கு அது பொருந்துமா என்பதில் எனக்குச் சந்தேகம். சிங்கப்பூர்க் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தைவிட இரண்டரை மணி முந்தியது; முன்தினம் வரையில் சென்னையில் இருந்த குழந்தையின் வயிறும் உறக்கமும் அவ்வளவு சீக்கிரத்தில் ஊர் மாற்றிக்கொள்வதில்லை. மாலை ஐந்தரை மணிப் பந்தியில் அதை உட்கார வைத்தால், அதன் உடம்புக்கு அது பிற்பகல் மூன்று மணி. இரவு பத்து மணிக்கு உறங்கு என்றால், அதற்கு அது ஏழரை மணி. காலை ஒன்பது மணிக்குக் கூடத்தில் நடக்கும் காகித வேலைக்கு அதை எழுப்புவதோ, வீட்டில் ஆறரை மணிக்கு எழுப்புவதற்குச் சமானம். அதனால் முதல் இரண்டு நாள் காலைக் காரியக்கிரமத்தை அறவே மறந்துவிடுவதே உத்தமம். காலையில் குழந்தை உறங்கட்டும். மாலை ஆறரை மணி சுமாருக்கு எந்நேரமும் உணவு கிடைக்கும் பொதுச் சாப்பாட்டுத் தளத்தில் அதற்கு எதையாவது கொடுத்து, ஏழு மணிக்குக் கூடத்தில் விட்டுவிட்டு, பெற்றோர் இரண்டாம் பந்தியில் அமரலாம். உறக்கம் வராமல் அறைக்குள் அழுது அடம் பிடிக்கும் அந்த மூன்று மணி நேரந்தான் கூடத்தின் மிகச் சிறந்த நேரமும் ஆகும். விளக்கை அணைத்து ஆடும் ஆட்டங்களும், மாறுவேஷமும், படக்காட்சியும் பெரும்பாலும் இரவில்தான் நடைபெறுகின்றன. சிங்கப்பூரிலேயே நாலைந்து நாள் தங்கிவிட்டுக் கப்பல் ஏறுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு வேண்டியதில்லை.

அடுத்தபடியாக அறிய வேண்டியது வயதுப் பிரிவு. மூன்று முதல் ஐந்து, ஆறு முதல் எட்டு, ஒன்பது முதல் பதினொன்று, அதற்கு மேற்பட்ட விடலைகள் என்று பிரிப்பது நெடுநாளைய முறை. கப்பலுக்குக் கப்பல் ஓரிரு வயது மாறுபடும். கார்னிவல் கம்பெனியார் இரண்டு வயதிலேயே கூடத்தில் சேர்க்கிறார்கள். டிஸ்னி கப்பல்களில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான சிசுக்களுக்குத் தனியே கூலி வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்ளும் காப்பகம் இருக்கிறது. எட்டு வயது அண்ணனும் ஐந்து வயதுத் தங்கையும் வீட்டில் எவ்வளவுதான் இணைபிரியாதவர்களாக இருந்தாலும், கப்பல் அவர்களை இரண்டு அறைகளில் போட்டுவிடும். அண்ணன் கூட இருப்பான் என்று நம்பி வந்த பெண், தனியே ஒரு கதவுக்குள் நுழைய மறுத்து, முதல் நாளே கூடத்தை வெறுத்துவிடுவதுண்டு. இதை ஊரிலேயே சொல்லி வைத்திருந்தால், பாதி அழுகை குறையும்.

மூன்று வயதானாலும், தானே மலஜலம் கழிக்கத் தெரியாத குழந்தையைக் கூடத்தில் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. அரையில் துணி கட்டிய குழந்தையைப் பொது நீச்சல் குளத்திலும் இறக்கக் கூடாது. தாய்மார்கள் இதைக் கேட்டுச் சினங்கொள்கிறார்கள். ஆனால் இந்த விதிகளுக்குத் தக்க காரணம் உண்டு. நோரோ என்னும் வைரஸ், வாந்தியையும் பேதியையும் உண்டாக்கி, மூடிய இடத்தில் கூடி வாழும் ஜனங்களிடையே மிக வேகமாகப் பரவுவது. அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையத்தார் 1970-களிலிருந்து கப்பல்களின் சுகாதாரத்தைச் சோதித்துவருகிறார்கள். அவர்கள் வகுத்த விதிகளில் குழந்தைகளின் கூடத்துக்கென்று கை கழுவும் தொட்டி, சிறுவர் அளவுக்கேற்ற கழிப்பிடம் முதலியவைகூடச் சொல்லப்பட்டிருக்கின்றன. போஜனசாலை வாசலில் கையில் பீய்ச்சுகிற சாராயக் கலவை இந்த வைரஸை அவ்வளவாகத் தொடுவதில்லை. சோப்பும் தண்ணீருந்தான் மருந்து. கூடத்திலிருந்து வெளிவந்தவுடன் கை கழுவாமல் எதையும் வாயில் வைப்பதில்லை என்ற ஒரே ஒழுங்கை மட்டும் கண்டிப்பாக வைத்துக்கொண்டால், மற்றக் கண்டிப்புகளைப் பிரயாணத்தின்போது தளர்த்திவிடலாம்.

கப்பல் ஏறிய அன்றே பெயர் பதிய வேண்டும். அந்தப் பத்திரத்தில் ஒவ்வாத உணவு எது, குழந்தையை அழைத்துப்போக யார் யாருக்கு அனுமதி என்றெல்லாம் கேட்பார்கள். சைவ உணவுக்காரர்கள், முட்டை கூடாது என்பதையும் மறவாமல் எழுத வேண்டும். கூடத்தில் கேக் செய்யும் விளையாட்டும் உண்டு. ஒன்பது வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தாமே வெளியேறலாம் என்று பெற்றோர் கையெழுத்திட்டால், சில கம்பெனியார் ஏற்றுக்கொள்கிறார்கள். முதற் பிரயாணத்தில் அந்தக் கையெழுத்தைப் போடாமலிருப்பது நல்லது. பதினைந்து மாடிக் கட்டடத்தில், எல்லா நடைவழியும் ஒரே மாதிரியாக இருக்கும் இடத்தில், பெரியவர்களே வழி தவறுகிறார்கள்.

பதிவு செய்யும்போது, அபாய காலத்தில் குடும்பம் எங்கே கூட வேண்டுமோ அந்த இடத்தின் எண் பொறித்த பட்டை ஒன்றைக் குழந்தையின் மணிக்கட்டில் கட்டும் வழக்கம் பல கப்பல்களில் இருக்கிறது. டைட்டானிக் முழுகியபின் 1914-ல் முதன்முதலாக இயற்றப்பட்டுப் பலமுறை திருத்தப்பெற்ற சர்வதேசக் கடற்பாதுகாப்பு ஒப்பந்தம், பிரயாணிகளின் தொகையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமலும், எந்தக் குழந்தைக்கும் இல்லையென்னாமலும், சிறுவர்க்கான லைஃப் ஜாக்கெட்டுகள் கப்பலில் இருக்க வேண்டும் என்று விதிக்கிறது. 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையோரம் கோஸ்டா கன்கார்டியா என்னும் உல்லாசக் கப்பல் பாறையில் மோதியபோது, அன்று மாலைதான் ஏறிய நூற்றுக்கணக்கானோருக்கு அபாயகாலப் பயிற்சியே நடந்திருக்கவில்லை; அதன்பின், துறைமுகத்தை விட்டுப் புறப்படுமுன்னரே பயிற்சியை முடிப்பது முறையாயிற்று. இப்போது பல கப்பல்களில், கைபேசியில் படம் பார்த்துவிட்டு, கூடுமிடத்தில் ஒரு முறை தலையைக் காட்டினால் போதும் என்று சுருக்கிவிட்டார்கள். பெற்றோர்க்கு அது சௌகரியம், குழந்தைகளுக்கு நஷ்டம். அறையிலிருந்து கூடுமிடத்துக்கும், கூடத்திலிருந்து கூடுமிடத்துக்கும், மின்தூக்கியை விட்டுவிட்டுப் படிகளில் ஏறி இறங்கி வழியைத் தேடுவதை முதல் நாளின் முதல் விளையாட்டாக வைத்துக்கொண்டால், நாலு வயதுப் பெண்கூட அதை ஆவலோடு செய்யும். அறைக்கு வெளியே மாடம் இருந்தால், கம்பியை ஒட்டி நாற்காலியோ மேஜையோ போடாதீர்கள். அமெரிக்க நாட்டின் 2010-ஆம் வருஷத்துச் சட்டம் கம்பி 42 அங்குலத்துக்குக் குறையக் கூடாதென்கிறது. நாற்காலிமேல் ஏறிய குழந்தைக்கு அந்த உயரம் ஒரு பொருட்டன்று.

சிங்கப்பூரிலிருந்து புறப்படும் ராயல் கரீபியன் கம்பெனியாரின் குவாண்டம் வகைக் கப்பல்களில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 அடி உயரத்துக்குக் கண்ணாடிக் கூண்டில் தூக்கிக் காட்டும் ஏற்பாடும், அடியிலிருந்து வீசும் காற்றில் ஆளை மிதக்கவிடும் குழாயும், செயற்கை அலையில் பலகைமேல் சறுக்கும் மேடையும் இருக்கின்றன. விளம்பரப் படத்தில் இவற்றைக் கண்ட பிள்ளை, அதற்காகவே பிரயாணத்துக்குச் சம்மதித்திருக்கும். ஆனால் அலைமேடையில் படுத்துச் சறுக்க 52 அங்குலமும், நின்று சறுக்க 58 அங்குலமும் உயரம் வேண்டும். நம் ஊர் எட்டு வயதுப் பிள்ளைகளில் பலர் 52 அங்குலத்தை எட்டுவதில்லை. வாக்குக் கொடுக்குமுன் சுவரில் நிறுத்தி அளந்து பார்த்துவிடுவது, கப்பலில் வரிசையில் நின்று ஏமாறுவதைத் தவிர்க்கும்.

இனி, கூடத்தின்மேல் எனக்குள்ள மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். அங்கே பொம்மையும் திரையும் வர்ணமும் பாட்டும் அபாரம், ஊழியர்கள் பொறுமைசாலிகள். ஆனால் பெரும்பாலான கூடங்கள் கப்பலின் உட்புறத்திலோ, திரையிட்ட ஜன்னல்களுக்குப் பின்னாலோ அமைந்திருப்பதால், உள்ளேயிருக்கும் குழந்தை கடலில் போய்க்கொண்டிருக்கிறதா, ஏதோவொரு நகரத்து வணிக மாளிகையில் இருக்கிறதா என்று சொல்ல முடியாது. நாலு நாள் சமுத்திரத்தின்மேல் இருந்தும் சமுத்திரத்தைப் பாராமல் திரும்புவதற்கு இவ்வளவு செலவு எதற்கு? கப்பல் தானாகவே நடத்தும் காட்சிகள் பல. அவை மட்டும் காரியக்கிரமத்தில் அச்சாவதில்லை.

துறைமுகத்தை அணுகும்போதும் நீங்கும்போதும், பைலட் எனப்படும் துறைமுக வழிகாட்டி ஒரு சிறு படகில் வந்து, ஓடுகிற கப்பலின் பக்கவாட்டில் தொங்கவிட்ட கயிற்றேணியைப் பற்றி ஏறுவதும் இறங்குவதும் எந்தச் சர்க்கஸுக்கும் குறையாத காட்சி. அவர் கப்பலில் இருக்கும் வரையில், பாதி வெள்ளையும் பாதி சிவப்புமான கொடி ஒன்று பறக்கும். அறைத் தொலைக்காட்சியில் ஒரு சானல் முழுவதும் கப்பல் இருக்கும் இடத்தையும் வேகத்தையும் காட்டிக்கொண்டிருப்பது வழக்கம். வேகம் நாட் கணக்கில் இருக்கும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். இருபது நாட்டில் போகும் இந்த மாளிகை, காலியான சாலையில் ஓடும் நம் நகரப் பேருந்தின் வேகத்தில்தான் போகிறது என்று பெருக்கிக் கண்டுபிடித்த பிள்ளை, அதை யாரிடமாவது சொல்லாமல் இராது. ஊரிலிருந்தே ஒரு மலாக்கா ஜலசந்திப் படத்தை வாங்கிப்போய், காலையும் மாலையும் அந்தச் சானலைப் பார்த்து ஒரு புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோட்டினால் சேர்க்கச் சொல்லலாம்.

இரவிலோ இன்னும் விசேஷம். உலகிலேயே நெரிசல் மிகுந்த கடல்வழிகளில் ஒன்றான இந்த ஜலசந்தியில், மேல்தளத்துக் கம்பியருகே நின்றால் எப்போதும் நாலைந்து கப்பல்களின் விளக்குகள் தென்படும். எந்தக் கப்பலுக்கும் இடப்புறத்தில் சிவப்பு விளக்கு, வலப்புறத்தில் பச்சை விளக்கு என்பது சர்வதேச விதி. ஆகையால் சிவப்பு மட்டும் தெரிந்தால், அந்தக் கப்பல் தன் இடப்பக்கத்தை நமக்குக் காட்டிக்கொண்டு போகிறது. பச்சையும் சிவப்பும் ஒருசேரத் தெரிந்தால், அது நம்மை நோக்கி நேரே வருகிறது. இந்த ஒரு விதியைச் சொல்லிக் கொடுத்துவிட்டால், பத்து வயதுப் பிள்ளை ஒரு மணி நேரம் அசையாமல் நின்று, எது எங்கே போகிறது என்று தகப்பனாருக்கு வியாக்கியானம் செய்யும். கலங்கரை விளக்கங்களும் வழியில் உண்டு: சிங்கப்பூரின் தென்கோடித் தீவில் 1855-லிருந்து எரியும் ராஃபிள்ஸ் விளக்கம், சிலாங்கூர்க் கரைக்கு அப்பால் கடல் நடுவே ஆழமற்ற மணல்திட்டின்மேல் நிற்கும் ஒன் ஃபாத்தம் பாங்க் விளக்கம், பினாங்குத் தீவின் வடமேற்கு முனையில் 1883-ல் எழுப்பிய முக்கா முனை விளக்கம். ஒவ்வொன்றும் தனக்கென்று வகுத்த இடைவெளியில் மின்னுவதால், மனத்துக்குள் எண்ணிப் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளலாம். கூடத்தின் இரவு ஆட்டம் வேண்டுமா, இது வேண்டுமா என்று குழந்தையையே கேட்டுவிடுங்கள். முதல் இரவு ஆட்டம் என்று சொன்ன குழந்தை, இரண்டாம் இரவு வேறு சொல்லக்கூடும்.

கடற்குமட்டலைப் பற்றி இரண்டு வார்த்தை. சுமத்ரா தீவு அரணாக நிற்பதால் மலாக்கா ஜலசந்தி பொதுவாகச் சாந்தமானது. புக்கெட்டுக்கு அருகே அந்தமான் கடலில், மே முதல் அக்டோபர் வரையில் தென்மேற்குப் பருவக்காற்றினால் அலை எழும்பும். இரண்டு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடைப்பட்டவர்களே குமட்டலுக்கு அதிகம் ஆளாகிறார்கள். கைக்குழந்தைகளை அது பெரும்பாலும் தீண்டுவதில்லை. உட்செவி ஆட்டத்தை உணர, கண் மட்டும் அசையாத காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதால் விளையும் முரண்பாடே இதற்குக் காரணமாகையால், கப்பல் ஆடும் நாளில் குனிந்து வர்ணம் தீட்டுவதையும் கைபேசி விளையாட்டையும் நிறுத்திவிட்டு, அடிவானம் தெரியும் இடத்துக்குக் குழந்தையை அழைத்துவர வேண்டும். மாத்திரை விஷயத்தை ஊரிலேயே வைத்தியரைக் கேட்டு வைத்துக்கொள்வது நலம்.

கூடத்தில் பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான். சிங்கப்பூர்க் கப்பல்களில் சீனமும் கேட்கும். பாஷை பழகாத பிள்ளை கூச்சப்படுவது சகஜமே. பேச்சு அதிகம் தேவைப்படாத பந்தாட்டம், கட்டடம் கட்டுதல் ஆகியவை எந்த நேரத்தில் என்று பார்த்து, அதற்கு முதலில் அனுப்பினால் சிநேகம் தானாக உண்டாகும். வீட்டிலிருந்து ஒரு பல்லாங்குழிப் பலகையையும் எடுத்துப் போகலாம். கப்பல் ஆடினாலும் குழியிலுள்ள சோழி சிதறுவதில்லையாதலால், சதுரங்கத்தைவிட அது கடலுக்கு உகந்தது. எந்த நாட்டுக் குழந்தைக்கும் இரண்டு ஆட்டத்தில் புரிந்துவிடும். தாயக்கட்டை உருண்டு மேஜைக்கடியில் போகும்.

கரையில் இறங்கும் நாளில் கடிகாரத்தில் ஜாக்கிரதை வேண்டும். பினாங்கு சிங்கப்பூர் நேரத்தையே பின்பற்றுகிறது. தாய்லாந்து ஒரு மணி பிந்தியது. கப்பல் தன் நேரத்தை மாற்றிக்கொள்கிறதா இல்லையா என்பது கம்பெனியாரின் இஷ்டம். கைபேசியோ கரைக் கோபுரத்தின் சைகை கிடைத்தவுடன் யாரையும் கேளாமல் மாறிவிடும். ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தில் கப்பல் நேரத்தை வைத்துக்கொள்வதே உசிதம். பெருங்கப்பல்கள் புக்கெட்டில் கடலிலேயே நங்கூரமிட்டுச் சிறு படகுகளில் ஆட்களை இறக்குவதுண்டாகையால், வரிசையில் நிற்கும் நேரத்தையும் கணக்கிட வேண்டும். வெயிலில் குழந்தைக்கு அலைச்சல் மிகுதி என்று தோன்றினால் இறங்காமலே இருந்துவிடலாம். கூட்டம் கரைக்குப் போயிருக்கும் அந்த வேளையில் நீச்சல் குளமும் சறுக்குப் பாதையும் காலியாக இருக்கும். குளத்தருகே உயிர்காப்பாளர் எல்லாக் கப்பலிலும் இருப்பதில்லை. பெற்றோரில் ஒருவர் கண் எடுக்காமல் உட்கார வேண்டும்.

கடைசி இரவில் பெரிய பெட்டிகளைப் பூட்டி அறை வாசலில் வைத்துவிட வேண்டுமென்று சொல்வார்கள். மறுநாள் கரையில்தான் அவை கைக்கு வரும். அவசரத்தில் குழந்தையின் மாற்றுத் துணியையும் செருப்பையும் அதற்குள் போட்டுப் பூட்டிவிடாதீர்கள். கூடத்தில் அது செய்த சித்திரங்களையும் அன்றிரவே கேட்டு வாங்கிவிட வேண்டும். இறங்கும் நாள் காலையில் கூடம் பெரும்பாலும் திறப்பதில்லை. அன்று அறையையும் சீக்கிரமே காலி செய்யச் சொல்லிவிடுவதால், பெயர் கூப்பிடும் வரையில் ஒரு மணியோ இரண்டு மணியோ பொது மண்டபத்தில் காத்திருக்க நேரும். பல்லாங்குழிப் பலகை கைப்பையில் இருக்கட்டும்.